பேசிக்கொள்ளாத அப்பாவும் மகனும்: ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸ் உருவாக்க முழுமையான வழிகாட்டி

சூப்பர்ஹீரோ கதைகளில் அப்பாக்கள் சீக்கிரம் இறந்துவிடுகிறார்கள். 1938ல் அறிமுகமான சூப்பர்மேனின் அப்பா தன் கிரகத்தோடு அழிந்துபோனார். 1939ல் வந்த பேட்மேனின் அப்பா மகன் கண்ணெதிரே சுடப்பட்டார். 1962ல் வந்த ஸ்பைடர்மேனை அப்பா இடத்திலிருந்து வளர்த்த பென் அங்கிளும் ஒரு திருடன் கையால் போய்ச் சேர்ந்தார். இறந்த அப்பாவை எழுதுவது எளிது. அவர் இனி யாரையும் கடிந்துகொள்ளப் போவதில்லை. ஒரு புகைப்படமும் ஒரு வாக்கியமும் போதும். ஆனால் அடுத்த அறையில் உயிரோடு இருக்கிற, மகன் உள்ளே வந்ததும் நாளிதழை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிற அப்பாவை எழுதுவது கடினம்.

அந்த அப்பாவுக்காகத்தான் இந்த வழிகாட்டி. 20 பக்கத்தில் முடியும் ஒரே இதழ்க் கதை ஒன்றைத் தொடக்கத்திலிருந்து அச்சு வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது என்று பார்க்கலாம். விளக்குவதற்காக ஒரு கதையை இங்கேயே கட்டிக்கொண்டு போகிறேன். முறையை எடுத்துக்கொள்ளுங்கள், கதைக்கு உங்களுடையதை வையுங்கள்.

படி 1: ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

"எங்களுக்குள் பல வருஷமாக ஒத்துப்போகவில்லை" என்பதை வரைய முடியாது. ஒரு நாளை வரையலாம். அப்பா மகன் மனக்கசப்பு எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு நாள் இருக்கும். அந்த நாளை இருவரும் நினைவில் வைத்திருப்பார்கள், வேறு வேறு மாதிரி.

இரண்டு தாளை எடுங்கள். முதல் தாளில் மகனின் ஞாபகம்: எங்கே நின்றான், என்ன தெரிந்தது, என்ன கேட்டது. இரண்டாவது தாளில் அதே நாள் அப்பாவின் இடத்திலிருந்து. உணர்ச்சிகளை எழுத வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். இருவரும் நின்ற இடம் வேறு என்பதால், ஒருவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மற்றவருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் கதை அதில்தான் இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டு இதுதான். அப்பாவிடம் ஒரு சக்தி உண்டு. "நில்" என்று சொன்னால் சொல்லப்பட்டது எதுவோ அது அப்படியே நின்றுவிடும். மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது தெருவில் ஓடினான். அப்பா குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த நொடியில் அவர் "நில்" என்றார். அவன் நின்றான். இமைக்கக்கூட முடியாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி, நான்கு நிமிடம். மகனின் தாளில் இருப்பது இவ்வளவுதான்: கோபமான ஒரு முகம், முடியாத நான்கு நிமிடம், எரிகிற கண்.

அப்பாவின் தாளில் ஒரு லாரி இருக்கிறது. மகனின் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் பறந்துபோன லாரி. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் அப்பா நல்லவர், மகன் புரிந்துகொள்ளாதவன் என்று ஆகிவிடும். அதனால் நான்கு நிமிடத்தைக் கவனியுங்கள். லாரி கடந்துபோக ஒரு நொடிதான் ஆனது. மீதி நேரம் ஏன் பிடித்து வைத்திருந்தார்? பயம். விட்டால் மறுபடி ஓடிவிடுவானோ என்ற பயம். அவர் காப்பாற்றினார் என்பதும் உண்மை, அதற்குப் பிறகும் விடவில்லை என்பதும் உண்மை. உங்கள் இரண்டு தாள்களிலும் இப்படி ஒரு இடம் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான் முதலில் இந்த மாதிரி ஒரு கதை வரைந்தபோது மகனின் தாள் மட்டுமே என்னிடம் இருந்தது. படித்த நண்பர் ஒருவர், "அந்த நேரத்தில் அப்பா எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முடித்திருந்த 14 பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

படி 2: அந்த நாளிலிருந்து சக்தியை எடுங்கள்

பலரும் முதலில் சக்தியை யோசிப்பார்கள்: பறப்பான், தீ கக்குவான். அப்புறம் அதில் ஒரு அப்பாவை ஒட்டவைப்பார்கள். ஒட்டவே ஒட்டாது. வீட்டுக்குள் அவர் எதைச் செய்து மகனைக் காயப்படுத்தினாரோ, அதைத்தான் வெளியே செய்து ஊரைக் காப்பாற்ற வேண்டும். நம் அப்பா எல்லாவற்றையும் நிறுத்துபவர். விழுகிற கட்டடத்தை நிறுத்தினால் ஊர் கைதட்டுகிறது. மகன் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியையும் அதே சொல்லால் நிறுத்தினால் வீடு அமைதியாகிவிடுகிறது.

சக்திக்கு விதிகள் தேவை. குறைவாக, ஆனால் கறாராக. நான் வைத்திருப்பவை இவை. அப்பாவால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்த முடியும். அதன் மேல் இருப்பவையும் சேர்ந்து நிற்கும். நின்றவர்களுக்கு மூச்சும் இதயமும் ஓடும், அறிவு விழித்திருக்கும், உடல் மட்டும் அசையாது. அவர் கண் சிமிட்டினாலோ வாய் திறந்து பேசினாலோ பிடி விட்டுப்போகும்.

கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை கண் சிமிட்டுகிறோம். அப்படியென்றால் அந்த நான்கு நிமிடத்தில் அவர் 60க்கும் மேற்பட்ட சிமிட்டல்களை அடக்கியிருக்கிறார். அவருடைய கண்ணும் எரிந்திருக்கிறது. இது எனக்கு விதியை எழுதும்போது தெரியவில்லை, கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. நல்ல விதி வைத்தால் கதை தானே சில விஷயங்களைக் கொண்டுவந்து கொடுக்கும்.

மகனுக்கு என்ன சக்தி? அப்பாவுக்கு நேர் எதிரான ஒன்றைக் கொடுக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் இதில் அதிகம் வேண்டாம் என்று தோன்றியது. 19 வயதில் ஒரு நாள் அப்பாவின் சொல் அவனிடம் வேலை செய்யாமல் போகிறது. உலகத்திலேயே அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் அவன். அவன் கையைப் பிடித்தவர்களும் விடுபடுவார்கள். அவ்வளவுதான்.

படி 3: வில்லனை விட்டுவிடுங்கள்

இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 20 பக்கத்துக்குள் ஒரு வில்லன் வந்தால், அவனுக்கு ஒரு பெயர், ஒரு முகமூடி, ஒரு காரணம், ஒரு பேச்சு எல்லாம் கொடுக்க வேண்டும். ஐந்து பக்கம் போய்விடும். அதைவிட மோசம், அப்பாவும் மகனும் அவனை எதிர்த்துக் கைகோர்ப்பார்கள், பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். பொது எதிரி கிடைத்ததால் வந்த ஒற்றுமை எதிரி போனதும் போய்விடும். வாசகருக்கும் இது தெரியும்.

அவர்களை ஒரே இடத்தில் நிற்க வைக்கிற ஆபத்து ஒன்று போதும். இடிந்து விழப்போகிற ஒரு பாலம். அதன் மேல் ஆட்கள்.

அம்மாவைக் கதையிலிருந்து நீக்காதீர்கள். அந்த நாளில் வீட்டு வாசல்படியில் நின்று முழுவதையும் பார்த்தவர் அவர். நான்கு நிமிடம் என்ற கணக்கே அவரிடமிருந்துதான் வருகிறது. இருவருக்கும் நடுவில் இருப்பவருக்குத்தான் இரண்டு ஞாபகமும் தெரியும்.

படி 4: 20 பக்கத்தைப் பிரியுங்கள்

ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி எழுதுங்கள். அச்சுப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும், இரட்டைப்படைப் பக்கம் தாளைத் திருப்பினால் இடப்புறம் வரும். அதனால் வாசகர் எதிர்பாராத எதுவும் இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்க வேண்டும். வலப்புறத்தில் வைத்தால் இடப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிடும்.

நம் கதை இப்படிப் பிரிகிறது. முதல் பக்கத்தில் அப்பா எதையோ நிறுத்துகிறார், ஊர் கைதட்டுகிறது. 2, 3ல் வீடு. 4, 5ல் மகனின் ஞாபகம். 6, 7ல் வாக்குவாதம். மகன் கதவை நோக்கி நடக்கிறான். ஏழாம் பக்கத்தின் கடைசி பேனலில் (ஒரு படம் வரும் கட்டத்தில்) அப்பா "நில்" என்கிறார். தாளைத் திருப்பினால், எட்டாம் பக்கத்தில் மகன் நடந்துகொண்டே இருக்கிறான். 9ல் அப்பாவின் முகம் மட்டும். 10, 11ல் அம்மா மகனிடம் லாரியைப் பற்றிச் சொல்கிறார். 12, 13ல் பாலம். 14, 15 சேர்ந்து ஒரே பெரிய படம்: பாலமும் ஆட்களும் அந்தரத்தில் நிற்கிறார்கள். 16, 17ல் மகன் உள்ளே போகிறான். 18ல் அப்பாவின் ஞாபகம். 19ல் பாலம் விழுகிறது. 20ஆம் பக்கத்துக்குக் கடைசியில் வருவோம்.

படி 5: ஸ்கிரிப்ட்

நீங்களே எழுதி நீங்களே வரைவதாக இருந்தாலும் ஸ்கிரிப்டை முழுதாக எழுதுங்கள். கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்து வரைந்துவிட்டு வசனத்தைப் பிறகு நிரப்புகிற முறையும் உண்டு, 1960களில் அமெரிக்க மார்வெல் நிறுவனம் அப்படித்தான் இதழ்களைக் குவித்தது. சண்டை நிறைந்த கதைக்கு அது பொருந்தும். யார் எப்போது பேசாமல் இருக்கிறார்கள் என்பதில் நிற்கிற கதைக்கு மௌனத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எட்டாம் பக்கம் என் ஸ்கிரிப்டில் இப்படி இருக்கிறது:

பக்கம் 8. நான்கு பேனல், நான்கும் பக்கத்தின் முழு அகலத்துக்கு.
பேனல் 1: மகனின் கால். தரையிலிருந்து தூக்கிய நிலை. அந்தரத்தில். வாசகர் அவன் நின்றுவிட்டான் என்று நினைக்க வேண்டும்.
பேனல் 2: அதே கோணம். கால் தரையில் பதிகிறது. ஒலி, சிறியதாக: டக்.
பேனல் 3: மகனின் முகம், பக்கவாட்டில். அவனுக்கும் புரியவில்லை.
பேனல் 4: கதவு திறந்திருக்கிறது. ஆள் இல்லை. வசனம் இல்லை.

வரைபவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும் இருந்தால் போதும். ஒரு பேனலுக்குள் ஒரு செயல்தான் நடக்க முடியும் என்பதை மறக்காதீர்கள். "எழுந்து கதவைத் திறந்து வெளியே போனான்" என்று எழுதினால் அது மூன்று பேனல்.

படி 6: சிறு வரைவும் பக்க அமைப்பும்

உள்ளங்கை அளவுக்குப் பக்கங்களைக் கட்டம் போட்டு, குச்சி மனிதர்களால் 20 பக்கத்தையும் வரைந்து பாருங்கள். அழகு தேவையில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

நான் வைத்துக்கொள்ளும் ஒரு கட்டுப்பாடு: 15ஆம் பக்கம் வரை அப்பாவும் மகனும் ஒரே பேனலில் முழு முகத்தோடு சேர்ந்து வரக்கூடாது. ஒரே அறையில் இருப்பார்கள். ஆனால் ஒருவர் பேனலுக்குள் இருந்தால் மற்றவரின் தோளோ நிழலோ மட்டும் தெரியும். பேனல்களுக்கு இடையில் ஓடுகிற வெள்ளை இடைவெளி அவர்களுக்கு நடுவில் இருக்கிற சுவர். வாசகர் இதைக் கவனிக்க மாட்டார், ஆனால் 16ஆம் பக்கத்தில் இருவரும் ஒரே பேனலில் வரும்போது ஏதோ மாறிவிட்டது என்று உணர்வார்.

இன்னொன்று. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம் என்பதால் இடப்புறம் நிற்பவர் முதலில் பேச வேண்டும். இல்லாவிட்டால் வசனம் எழுதுகிற பலூன்களின் வால் ஒன்றையொன்று வெட்டும். இதைச் சாதகமாக்கலாம். முதல் பாதி முழுக்க அப்பாவை இடப்புறம் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அவர் சொல்லே முதலில் விழும், மகன் பதில் சொல்பவனாகவே இருப்பான். 16ஆம் பக்கத்தில் இடத்தை மாற்றுங்கள்.

படி 7: உருவங்கள்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவரையும் முழுக்கக் கறுப்பு நிழலாக வரைந்தாலும் யார் யார் என்று தெரிய வேண்டும். அதே நேரம் ஒரு பழக்கம் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும்: இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர்கள். மகனுக்கு இது தெரியாது. அப்பாவுக்குச் சீருடை வரையும்போது வீட்டில் போடுகிற சட்டையையும் கூடவே வரைந்து வையுங்கள். இந்தக் கதையில் சீருடையைவிட அந்தச் சட்டைதான் அதிக பேனல்களில் வரும்.

படி 8: நின்றுபோனதை வரைவது எப்படி

இந்தக் கதையின் மிகப் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் இதுதான். காமிக்ஸில் எல்லாமே நின்றுதான் இருக்கிறது. ஓடுகிறவனும் அசையாத படம்தான், உறைந்துபோனவனும் அசையாத படம்தான். வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது?

கோட்டிலிருந்து தொடங்குங்கள். அசைகிற எல்லாவற்றையும் தூரிகையால் இங்க் செய்யுங்கள். கோடு தடித்தும் மெலிந்தும் போகும், உயிர் இருக்கும். நின்றுபோனவற்றை 0.3 மில்லிமீட்டர் பேனாவால், எங்கும் ஒரே தடிமனில் வரையுங்கள். ஒரே பேனலில் இரண்டும் அருகருகே இருக்கும்போது, காரணம் தெரியாமலே கண் வித்தியாசத்தைப் பிடித்துவிடும்.

அடுத்தது, அந்தரத்தில் இருக்க முடியாதவற்றைத் தேடுங்கள். தூக்கிய காலில் பாதி கழன்ற செருப்பு. கவிழ்ந்த குவளையிலிருந்து வெளியே வந்து, கீழே விழாத தண்ணீர். தலைமுடி காற்றில் நிமிர்ந்தபடி. பெரிய பொருள்களைவிடச் சின்னவை நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பெரியது நிற்பதற்கு வேறு காரணம் இருக்கலாம், தண்ணீர்த் துளிக்கு இருக்க முடியாது.

அப்புறம், திரும்பச் செய்தல். ஒரே பேனலை மாற்றமே இல்லாமல் மூன்று முறை வையுங்கள், பின்னணியில் ஒரு பறவை மட்டும் இடம் மாறட்டும். காலம் ஓடுகிறது, இவன் மட்டும் ஓடவில்லை. மகனின் நான்கு நிமிடத்தை நான் இரண்டு பக்கத்தில் 12 பேனலாக வைத்தேன். 12லும் அப்பாவின் முகம், ஒரே படம். ஒவ்வொரு பேனலிலும் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கும், அவன் கண் எரிவதால்.

வேகக்கோடுகளும் ஒலிச்சொற்களும் அந்தப் பக்கங்களில் வேண்டாம். ஓசையில்லாத பக்கத்தின் ஓசை பெரியது.

படி 9: அந்த ஒரு முகம்

மகனின் ஞாபகத்தில் வரும் அப்பாவின் முகத்துக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். கதையே அதில்தான் தொங்குகிறது.

ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்பே ஒன்றைக் காட்டினார். ஒரே நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினால், பார்ப்பவர் ஒருமுறை பசியையும் இன்னொருமுறை துக்கத்தையும் அந்த முகத்தில் படிக்கிறார். முகம் மாறவில்லை, அக்கம்பக்கம் மாறியது. காமிக்ஸில் அக்கம்பக்கம் எப்போதும் கண்ணெதிரே இருப்பதால் இது இன்னும் வலுவாக வேலை செய்யும்.

அகல விரிந்த கண், இறுகிய தாடை, மேலேறிய புருவம். கோபமாகவும் படிக்கலாம், பயமாகவும் படிக்கலாம். பயத்தில் புருவத்தின் உள்முனை மேலே போகும், கோபத்தில் கீழே இறங்கும். அதனால் புருவத்தைத் தலைமுடியாலோ நிழலாலோ பாதி மறையுங்கள். கண்ணாடி முன் நின்று உங்கள் முகத்திலேயே முயன்று பாருங்கள், இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

4, 5ஆம் பக்கத்தில் இந்த முகத்தை நெருக்கமாக வெட்டி வையுங்கள். வாசகர் கோபத்தைப் பார்ப்பார். 18ஆம் பக்கத்தில் அதே படம், ஒரு கோடுகூட மாற்றாமல். இந்த முறை பேனல் அகலமாகிறது. சிறுவனின் முதுகு, அதற்குப் பின்னால் லாரி. அதே முகம்தான். மறுபடி வரையாதீர்கள், நகலெடுத்தே வையுங்கள். மறுபடி வரைந்தால் உங்களுக்குத் தெரிந்த உண்மை கையில் வந்து, முகம் பரிதாபமாக மாறிவிடும். அப்போது வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

படி 10: பாலத்தில் நடக்கிற பேச்சு

சூப்பர்ஹீரோ கதையில் உச்சக்காட்சி என்றால் அடிதடி. இங்கே அது வேறு மாதிரி. அப்பா பாலத்தை நிறுத்திவிட்டார். இனி அவர் கண் சிமிட்டக்கூடாது, பேசக்கூடாது. மகன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவருகிறான். ஒவ்வொரு முறையும் அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக மகன் பேசுகிறான், அப்பாவால் குறுக்கே பேச முடியாது. ஏழு வயதில் அவன் நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார்.

மகனின் வசனத்தை ஒரே பேச்சாக எழுதாதீர்கள். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் ஒரு வரி. மூச்சு வாங்குகிறது, அவன் வேலையில் இருக்கிறான். முதல் தடவை திட்டு. இரண்டாம் தடவை வேறொரு திட்டு. மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் கடந்துபோகிறான். நான்காவது தடவை, ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "லாரியை நிறுத்தியிருக்கலாமே. ஏன் என்னை நிறுத்தினீங்க?"

நியாயமான கேள்வி. லாரியை நிறுத்தியிருந்தால் மகன் ஓடியிருப்பான், அவ்வளவுதான். அப்பாவிடம் இதற்கு இருக்கிற பதில் ஒன்றே: அந்த நொடியில் அவர் கண்ணில் பட்டது மகன் மட்டும்தான். ஆனால் அவர் இதைச் சொல்லக்கூடாது. பேசினால் பாலம் விழும். 18ஆம் பக்கத்தின் படம்தான் அந்தப் பதில். அப்பாவின் ஞாபகத்தில் மகன் வண்ணத்தில், தெளிவாக. லாரி வெறும் கறுப்புத் திட்டு, சக்கரம்கூட இல்லை. அவர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

படி 11: வசனமும் எழுத்தும்

தமிழில் இந்தக் கதை எழுதும் நமக்கு ஒரு வசதி உண்டு. அழைக்கும் விதத்திலேயே உறவின் வெப்பநிலை தெரிந்துவிடும். மகன் மூன்றாம் பக்கத்திலிருந்து "அப்பா" என்ற சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. வாக்கியத்தை விளி இல்லாமல் அமைக்கிறான்: "சாவி மேசை மேல இருக்கு." காற்றைப் பார்த்துச் சொல்கிறான். அல்லது அப்பா அதே அறையில் இருக்கும்போதே அம்மாவிடம், "நாளைக்கு நான் வர லேட்டாகும்னு அவர்கிட்ட சொல்லிடுங்க." அந்த "அவர்" என்ற ஒரு சொல் பத்துப் பக்க விளக்கத்தைச் செய்துவிடும்.

பலூனுக்குள் பேச்சுத்தமிழ், விவரணைப் பெட்டியில் எழுத்துத்தமிழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் யார் பேசுகிறார்கள் என்று குழப்பம் வரும்.

ஆங்கிலக் காமிக்ஸில் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு பேனலுக்கு அதிகபட்சம் 35 சொல், ஒரு பக்கத்துக்கு 210. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். அதனால் நான் ஒரு பலூனுக்கு 12 சொல்லைத் தாண்டுவதில்லை. தமிழ் எழுத்தில் மேல்கொம்பும் கீழ்வளைவும் உண்டு என்பதால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். நீண்ட சொல் பலூனுக்குள் அடங்கவில்லை என்றால் உடைக்காதீர்கள், வேறு சொல்லைப் போடுங்கள். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. கத்தலைக் காட்டத் தடித்த எழுத்தும் அளவும்தான் வழி. "நில்" என்ற சொல்லை மட்டும் எழுத்துருவில் தட்டாமல் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அது ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஒலிச்சொற்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. தடால், மடமட, சடசட, கிறீச், தொப், சளக் என்று மொழிக்குள் ஏராளம் இருக்கின்றன. பாலம் விரிசல் விடும்போது "மளமள" என்று ஒரு மெல்லிய தொடர், விழும்போது பக்கத்தையே கிழிக்கிற ஒரே ஒரு "தடால்".

மென்பொருள் பற்றி ஒரு எச்சரிக்கை. சில வரைகலை மென்பொருள்களில் கொ, கெ போன்ற எழுத்துகள் கொம்பு இடம் மாறி உடைந்து வரும். படம் வரைய கிரிட்டா, க்ளிப் ஸ்டூடியோ என்று எதையும் பயன்படுத்தலாம், லெட்டரிங்கை (வசன எழுத்துகளைப் படத்தில் பதிப்பதை) மட்டும் இங்க்ஸ்கேப் மாதிரி யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும் ஒன்றில் தனியாகச் செய்யுங்கள். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டராக இருந்தால் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்க வேண்டும்.

படி 12: நிறமும் அச்சும்

மூன்று நிறத் தொகுப்பு போதும். நிகழ்காலத்துக்கு மங்கிய நிறங்கள், மகனின் ஞாபகத்துக்குச் சிவப்பு, அப்பாவின் ஞாபகத்தில் மகனைத் தவிர எல்லாம் சாம்பல்.

அமெரிக்க முறைப்படி மூலப்படத்தை 11க்கு 17 அங்குலத் தாளில் வரைவார்கள், அதற்குள் 10க்கு 15 அங்குலம் படத்துக்கான இடம். அச்சான இதழின் பக்க அளவு 6.625க்கு 10.25 அங்குலம், படம் அதற்குச் சுருங்கும்போது கோடுகள் இறுகி அழகாகும். ஓரத்தில் வெட்டுக்காக 0.125 அங்குலம் கூடுதலாக நீட்டி வரையுங்கள், எழுத்துகளை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வண்ணக் கோப்பு குறைந்தது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), கறுப்பு வெள்ளைக் கோடு மட்டும் என்றால் 600 அல்லது அதற்கு மேல். ஸ்டேப்ளர் பின் அடித்த இதழில் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும், 20 வகுபடும்.

கைபேசியில் மேலிருந்து கீழே நகர்த்திப் படிக்கும் வடிவத்துக்கு என்றால் பக்கம் திருப்புகிற உத்தி போய்விடும். வெப்டூன் தளத்தில் அகலம் 800 பிக்சல். அங்கே ஏழாம் பக்கத்தின் "நில்"லுக்குக் கீழே ஒரு முழுத் திரை அளவுக்கு வெறும் வெள்ளை விடுங்கள். விரல் நகர்ந்துகொண்டே இருக்கும், எதுவும் வராது. அதற்குப் பிறகு கால்.

படி 13: கடைசிப் பக்கம், பிறகு வாசகர்கள்

20ஆம் பக்கத்துக்கு வரும்போது ஒரு ஆசை வரும். அப்பா "நில்" என்பதற்குப் பதிலாக "போ" என்று சொல்ல வேண்டும், மகன் "அப்பா" என்று கூப்பிட வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும். நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது அது அவர்கள் பேசுகிற மாதிரி இல்லை. 12 வருஷம் மனம்விட்டுப் பேசாதவர்களுக்கு அவ்வளவு அழகான வாக்கியம் வராது. ஏதாவது ஒரு சின்ன, உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விதான் வரும்.

இருவரும் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே பேனலில். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம். அப்பா சிவந்த கண்ணை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்கிறார். இரண்டு பேனலுக்கு வசனம் இல்லை. அப்புறம், மகனைப் பார்க்காமல்: "அன்னைக்கு உனக்கும் கண்ணு எரிஞ்சுதா?"

தன் கண் எரிந்தது அவருக்கு எப்போதும் தெரியும். அவனுக்கும் எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மகன் பதில் சொல்லட்டுமா வேண்டாமா என்பதை உங்களிடம் விடுகிறேன். என் பிரதியில் அவன் ஒன்றும் சொல்லவில்லை, கடைசி பேனலில் கண்ணை மூடிக்கொள்கிறான்.

முடித்ததும் குறைந்தது நான்கு பேரிடம் கொடுங்கள். இருவர் பிள்ளை வளர்ப்பவர்களாக, இருவர் இன்னும் பெற்றோரோடு இருப்பவர்களாக இருக்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். "யார் மேல் தப்பு?" என்று மட்டும் கேளுங்கள். நால்வரும் ஒரே ஆளைச் சொன்னால் படி 1க்குத் திரும்பிப் போய், மற்றவரின் தாளை எடுத்து மறுபடி எழுதுங்கள். ஆளுக்கொன்றாகச் சொல்லி, உங்கள் எதிரிலேயே அவர்களுக்குள் வாதாடத் தொடங்கினால், கோப்பை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.